ஏரிக்கரைக்குப் போகும் முன்: நம்மூர்க் குளமும் இந்த நாட்டு ஏரியும்

வெயில் 30 பாகையைத் தாண்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடும்பங்களை எங்கே காணலாம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டமில்லை. ஒரு பகுதியினர் ஹால்ரர்ன் ஏரிக்கரையில், இன்னொரு பகுதியினர் எஸ்சன் நகரின் பால்டனை ஏரியில், மற்றவர்கள் டூயிஸ்பேர்க் வேடாவில் உள்ள ஆறு ஏரிகளின் ஓரத்தில். றோல்ஸ், சோற்றுப் பார்சல், இறைச்சி வாட்டும் அடுப்பு, நாலைந்து குடும்பம், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். இதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. வாரம் முழுவதும் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு வெளியில் வருவதைப் போல மருந்து வேறில்லை. ஆனால் எமது சமூகத்தில் பெரியவர்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்பதை ஒருவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம்.

எமது கதையிலேயே தொடங்குவோம். 1989 கோடையில், அகதி முகாமில் இருந்த நாட்களில், மூன்று நண்பர்களுடன் பக்கத்து ஊர் ஏரி ஒன்றுக்குப் போனோம். சிறு வயதில் கீரிமலைக் கேணியில் படியைப் பிடித்துக்கொண்டு கால் அடித்ததைத் தவிர எமக்கு நீச்சல் தெரியாது. முழங்கால், பிறகு இடுப்பு என்று மெல்ல நடந்து போனோம். அடுத்த அடி வைத்தபோது காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கத்தவும் முடியவில்லை. நண்பர்கள் விளையாடுகிறோம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நாயுடன் உலாவிக்கொண்டிருந்த ஒரு ஜேர்மன் முதியவர்தான் சப்பாத்தோடு இறங்கி இழுத்துப் போட்டார். அவருடைய பெயரைக்கூட நாம் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு ஜேர்மன் மொழியும் அப்போது தெரியாது.

ஏன் அப்படி நடந்தது என்பது பல வருடம் கழித்தே விளங்கியது. வன்னியில் குளம் என்றால் ஆற்றை மறித்து அணை கட்டித் தேக்கிய தண்ணீர். அணைக்கட்டுப் பக்கத்தை விட்டு மற்றக் கரையால் இறங்கினால் தரை மெல்ல மெல்லத்தான் சரியும், மாடும் இறங்கிக் குளிக்கும். இங்குள்ள 'பாகர்சே' என்ற ஏரிகள் அப்படி உண்டானவை அல்ல. வீடும் வீதியும் கட்டுவதற்காக இயந்திரத்தால் மணலும் சரளைக் கல்லும் தோண்டிய குழியில் நிலத்தடி நீர் ஊறி நிறைந்தவை அவை. ஆகவே கரையிலிருந்து சில அடி தூரத்திலேயே சுவர் போல இறங்கும். ஊரில் ஒப்பிடுவதானால் இரணைமடுவோடு அல்ல, புத்தூர் நிலாவரைக் கிணற்றோடுதான் ஒப்பிட வேண்டும். நிலாவரைக்குள் பிள்ளையை இறக்கிவிட்டு நாம் அடுப்பு மூட்டப் போவோமா?

கரையே இடிந்து விழும் ஆபத்தும் உண்டு. ஹால்ரர்ன் பகுதியில் சில்பர்சே என்ற பெயரில் பல ஏரிகள் உள்ளன. எல்லாம் குவார்ட்ஸ் மணல் எடுத்ததால் வந்தவை. குளிப்பதற்கு அனுமதி உள்ளது இரண்டாவது ஏரியில் மட்டுமே. மற்றவற்றின் வெள்ளை மணலைப் பார்த்து ஆசைப்பட்டு வேலி தாண்ட வேண்டாம். மணல் எடுக்கும் இடங்களில் கரை ஒரே நேரத்தில் சரிந்து ஆளை மூடிவிடும். டோட்முண்டின் பீனிக்ஸ் ஏரியும் இப்படித்தான் பலரை ஏமாற்றுகிறது. பழைய இரும்பாலை இருந்த இடத்தில் 2010 இல் தண்ணீர் விடத் தொடங்கி உருவாக்கிய ஏரி அது. சுற்றி நடக்கலாம், கோப்பி குடிக்கலாம், குளிக்கத் தடை.

அடுத்தது குளிர். கோடையில் சூரியன் மேல் தண்ணீரை மட்டுமே சூடாக்கும். மேலே 23 பாகை இருக்கும் ஆழமான ஏரியில், சில மீற்றர் கீழே போனால் 10 பாகை அளவுக்கு இறங்கிவிடலாம். வெயிலில் இரண்டு மணித்தியாலம் இருந்து சூடேறிய உடம்போடு திடீரெனக் குதித்தால், நம்மை அறியாமலே ஒரு பெரு மூச்சு உள்ளே இழுபடும். தலை தண்ணீருக்குள் இருக்கும் கணத்தில் அந்த மூச்சு வந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். அதே நேரம் இரத்தக் குழாய்கள் சுருங்கி, அழுத்தம் ஏறி, இதயம் தடுமாறும். எனவே முதலில் கை கால், பிறகு நெஞ்சு என்று நனைத்து மெதுவாக இறங்குங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு பியர் குடித்த அண்ணன்மார் அன்றைக்குக் கரையிலேயே இருக்கட்டும். இன்சுலின் அல்லது சீனியைக் குறைக்கும் சில குளிசைகள் எடுப்பவர்களுக்கு நீந்தும்போது சீனி தாழ்ந்து போகலாம். அந்த நடுக்கத்தைக் குளிர் நடுக்கம் என்று நினைத்துவிடுவார்கள். இறங்கும் முன் சீனியைப் பார்த்து, ஏதாவது சாப்பிட்டு, கூட வந்தவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

ஜேர்மன் உயிர்காப்புச் சங்கமான டே.எல்.ஆர்.கே யின் கணக்கின்படி 2024 இல் இந்த நாட்டில் குறைந்தது 411 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானோர் இறந்தது கடலில் அல்ல, ஆறுகளிலும் ஏரிகளிலும். நீந்தத் தெரியாத ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளின் தொகை 2017 இல் 10 வீதமாக இருந்து 2022 இல் 20 வீதமாகியதாக அதே சங்கம் நடத்திய கருத்துக்கணிப்புச் சொல்கிறது. கொரோனா காலத்தில் நீச்சல் தடாகங்கள் மூடிக் கிடந்ததும் அதற்கு ஒரு காரணம்.

பெற்றோர் எம்மிடம் அடிக்கடி சொல்வது, "டொக்டர், பிள்ளை சேப்பேர்ட்ஷன் எடுத்திட்டான், பயமில்லை" என்பது. அந்தக் கடற்குதிரைச் சின்னம் 25 மீற்றர் நீந்தி, தோளளவுத் தண்ணீரில் ஒரு பொருளை எடுத்து வந்ததற்குக் கொடுப்பது. அது தொடக்கம் மட்டுமே. 15 நிமிடத்தில் குறைந்தது 200 மீற்றர் நீந்தும் வெண்கலச் சின்னம் எடுத்த பிள்ளையைத்தான் நீந்தத் தெரிந்த பிள்ளை என்று அச்சங்கம் ஏற்கிறது. காற்றடைத்த வாத்தும் வளையமும் விளையாட்டுச் சாமான்கள், உயிர் காப்பன அல்ல. இன்னொன்று: மூழ்கும் பிள்ளை படத்தில் வருவது போலக் கத்திக் கை அசைக்காது. சத்தமில்லாமல் போய்விடும். பத்துப் பெரியவர்கள் இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். இந்த அரை மணித்தியாலம் யார் பார்ப்பது என்று பெயர் சொல்லி ஒருவரை நியமியுங்கள். அந்த நேரம் அவர் கையில் கைத்தொலைபேசி இருக்கக்கூடாது.

தண்ணீரின் சுத்தம் பற்றியும் சிறிது. பதிவு செய்யப்பட்ட குளிக்கும் இடங்களைக் கோடை காலத்தில் சுகாதாரத் திணைக்களம் ஒழுங்காகப் பரிசோதித்து, முடிவைப் பலகையில் போடுகிறது. பால்டனை ஏரியில் 1971 இலிருந்து குளிக்கத் தடை இருந்தது. 2017 இல்தான் ஒரு பகுதியில் மட்டும் திறந்தார்கள். அங்கும் பெருமழை பெய்தால் கழிவுநீர் கலக்கும் என்பதால் மூடிவிடுவார்கள். நீலப்பச்சைப் பாசியைக் கண்டுகொள்ள ஒரு எளிய வழி உண்டு. முழங்காலளவு தண்ணீரில் நின்று குனிந்து பாருங்கள். பச்சைக் கலங்கலில் உங்கள் பாதம் தெரியாவிட்டால் பிள்ளைகளை இறக்க வேண்டாம். விழுங்கினால் வாந்தி, வயிற்றோட்டம் வரும், தோலும் கண்ணும் எரியும். குளித்த மறுநாள் காலில் சிவப்புப் புள்ளிகளும் கடியும் வந்தால் அது பெரும்பாலும் வாத்துகளின் ஒட்டுண்ணி. தவறுதலாக மனிதத் தோலில் புகுந்து அங்கேயே செத்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் மாறும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மிஞ்சிய பாணைக் கரையில் வாத்துக்குப் போடுவதை நிறுத்தினால் அந்த ஒட்டுண்ணியும் குறையும்.

ஒருவர் மூழ்கினால் நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிக்க வேண்டாம். ஒன்று இரண்டாவது அப்படித்தான். முதலில் 112. குளிர்பெட்டி, பந்து, மூடிய வெறும் பெரிய போத்தல், எது மிதக்குமோ அதை எறியுங்கள். வெளியே எடுத்தவர் மூச்சு விடவில்லை என்றால் ஊரில் செய்தது போல வயிற்றை அமுக்குவதோ, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதோ கூடாது. அதனால் வயிற்றிலுள்ளது சுவாசக் குழாய்க்குள் போகும், நேரமும் போய்விடும். முதலில் ஐந்து முறை வாயால் மூச்சுக் கொடுத்து, பிறகு 30 தரம் நெஞ்சை அழுத்தி, 2 மூச்சு என்று உதவி வரும்வரை தொடருங்கள். பிள்ளை தானாகவே எழுந்துவிட்டாலும், தண்ணீர் குடித்த பின் இருமலும் வேகமான மூச்சும் விடாமல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஹம் காமாட்சி அம்பாள் தீர்த்தமாடும் கால்வாயைப் பற்றியும் கேட்கிறார்கள். தீர்த்தத் திருவிழா வேறு, மற்ற நாட்களில் பிள்ளைகள் கால்வாயில் குதிப்பது வேறு. இரும்புச் சுவர்க் கரை உள்ள இடங்களில் ஏறிப் பிடிக்க ஒன்றும் இருக்காது. சரக்குக் கப்பல் போகும்போது தண்ணீர் இழுக்கும்.

கடைசியாகத் தாய்மாருக்கு. ஊரில் பெண் பிள்ளைகளுக்கு யாரும் நீச்சல் பழக்கவில்லை. அது உங்கள் பிழையல்ல. நாமே 38 வயதில், மகளின் வயதுப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்க, ஒரு மாலை வகுப்பில்தான் பழகினோம். பல நகரங்களில் பெண்களுக்கு மட்டுமான நீச்சல் நேரமும் வகுப்பும் உண்டு. உடலை மூடும் நீச்சல் உடையைப் பல தடாகங்களில் அனுமதிக்கிறார்கள், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்புகளில் இடம் விரைவில் முடிந்துவிடும். அடுத்த கோடைக்குப் பழக விரும்புவோர் இலையுதிர்காலத்திலேயே பெயரைப் பதிய வேண்டும்.