காசநோய் மருந்தும் கருத்தடை மாத்திரையும்

மாதவிடாய் உரிய நாளில் வராவிடில் கரு தங்கிவிட்டது என்று எண்ணுவதும், வந்துவிட்டால் கருவில்லை என்று நிம்மதி கொள்வதும் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். மருந்து எதனையும் உட்கொள்ளாத, ஒழுங்கான மாதவிடாயுடைய பெண்ணின் வரையில் இக்கணிப்பு பெரும்பாலும் பிழையாவதில்லை. ஆனால் சில மருந்துகள் மாதவிடாய் நாளைத் தள்ளிப்போடுகின்றன. வேறு சில, கருவுறும் வாய்ப்பையே மாற்றிவிடுகின்றன. இவ்விரண்டும் எப்போதும் ஒருங்கே நிகழ்வதில்லை என்பதிலேதான் சிக்கல் உள்ளது.

கருமுட்டை வெளிப்பட்டு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பின்னரே மாதவிடாய் தோன்றுகிறது. இப்பிற்பகுதியின் காலம் அதிகம் மாறுபடுவதில்லை. எனவே நாள் தள்ளிப்போகுமாயின், பெரும்பாலும் முட்டை வெளிப்படுவது தாமதமாயிற்று என்று பொருள். இயக்குநீர்கள் அடங்கிய கருத்தடை மாத்திரையோ முட்டை வெளிப்படாதவாறு தடுக்கிறது. அதை உண்பவர்களுக்கு மாதந்தோறும் தோன்றும் உதிரப்போக்கு, மருந்துள்ள மாத்திரைகள் முடிந்து சில நாள் இடைவெளி ஏற்படுவதால் உண்டாவது. அது நாள் தவறாமல் வருவது ஒன்றையே கொண்டு, கருவில்லை என்று துணிந்து கூறிவிட இயலாது.

இவ்விஷயத்தில் மருத்துவ உலகுக்கு முதல் எச்சரிக்கை கிடைத்தது 1971ஆம் ஆண்டில். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் என்ற மருந்தை உண்டுவந்த பெண்களில், கருத்தடை மாத்திரையும் உண்டவர்களுக்கு நாளல்லாத நாளில் உதிரம் படுவதை ஜெர்மானிய மருத்துவர்கள் கண்டனர். பின்னர் 1973இல் வெளியான அறிக்கையில், இவ்விரு மருந்துகளையும் சேர்த்து உண்ட 88 பெண்களில் பெரும்பாலோருக்கு மாதவிடாய் ஒழுங்கு கெட்டதாகவும், ஐவர் கருவுற்றதாகவும் கூறப்பட்டது. மாத்திரையை முறையாக உண்பவர்கள் கருவுறுவது மிக அரிது. 88 பேரில் ஐவர் என்பது புறக்கணிக்கத்தக்கதன்று.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. உடலுக்குள் வரும் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளைக் கல்லீரல் உண்டாக்குகிறது. ரிஃபாம்பிசின் இந்நொதிகளைப் பெருக்கும் ஆற்றல் மிகுந்தது. அதனால் கருத்தடை மாத்திரையின் இயக்குநீர்கள் வேலை செய்து முடிப்பதற்கு முன்பே சிதைந்துவிடுகின்றன. முட்டை வெளிப்படவும் கூடும். ரிஃபாம்பிசினை நிறுத்திய மறுநாளே கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. நான்கு வாரங்கள் வரை கவனம் தேவை. காசநோய்க்கான வழக்கமான ஆறு மாதச் சிகிச்சை முழுவதிலும் இம்மருந்து இடம்பெறுவதால், ஏழு மாதங்களுக்கு வேறு பாதுகாப்பு வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்வது நலம்.

சென்னையில் 1956இல் நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளை வீட்டில் வைத்தே நன்கு குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. அந்நன்மையின் பயனாகக் காசநோய் மாத்திரைகள் இல்லங்களுக்கு வந்தன. இன்று ஒரே அலமாரியில் கருத்தடை மாத்திரையும் அருகில் இருக்கலாம். ஆனால் இரண்டையும் கொடுப்பவர் ஒருவரல்லர். ஹைதராபாத்தில் செகந்தராபாத்தை அடுத்துள்ள மெட்டுகுடாவை எடுத்துக்கொள்வோம். இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த வட்டாரம் அது. அருகே லாலாகுடாவில் இரயில்வே மருத்துவமனை இருக்கிறது. இத்தகைய இடத்தில் ஒரு பெண் காசநோய் மருந்தை மருத்துவமனையிலும், கருத்தடை மாத்திரையைக் கடையிலோ ஆஷா ஊழியரிடமோ பெறுவது இயல்பே. காசநோய்ப் பதிவேட்டில் கருத்தடை பற்றியும், குடும்ப நலப் பதிவேட்டில் காசநோய் பற்றியும் ஒருவர் கேட்டு எழுதினாலன்றி, இரண்டும் சந்திப்பதற்கு வழியில்லை. நோயை மறைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் பெண் தானாக முன்வந்து கூறுவாள் என்று எதிர்பார்ப்பதும் வீண். தனியே அழைத்துக் கேட்பதே முறை.

மெட்டுகுடாவை அடுத்த தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1958இல் குன்னூரிலிருந்து இடம்பெயர்ந்தது. கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்களின் உடலில் பி வைட்டமின்களின் நிலையை அது 1970களிலும் 1980களிலும் ஆராய்ந்தது. மாத்திரை உடலை மாற்றுகிறது. உடலும் மாத்திரையை மாற்றுகிறது.

காக்காய் வலிப்புக்குத் தரப்படும் பினிடாயின், கார்பமசிபைன், பினோபார்பிடோன் ஆகியவையும், எச்.ஐ.வி. நோய்க்குரிய சில மருந்துகளும் ரிஃபாம்பிசினைப் போன்றே நடந்துகொள்கின்றன. ஆனால் சளி, காய்ச்சலுக்குத் தரப்படும் அமாக்சிசிலின் போன்ற சாதாரண நுண்ணுயிர்க்கொல்லிகளால் கருத்தடை மாத்திரையின் ஆற்றல் குறைவதில்லை. எல்லா மருந்தையும் ஒரே தட்டில் வைத்து அச்சுறுத்தினால், மக்கள் எதையும் நம்பமாட்டார்கள். கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மட்டும், மாத்திரை உடலில் சேராமற்போகலாம் என்று சொல்ல வேண்டும்.

ரிஃபாம்பிசினோ மேற்கூறிய வலிப்பு மருந்துகளோ உண்பவர்களுக்குக் காப்பர்-டி தடையின்றிப் பயன்படும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் ‘அந்தரா’ ஊசியின் ஆற்றலும் குறைவதில்லை. கையில் தோலுக்கடியில் பொருத்தப்படும் இயக்குநீர்க் குச்சிகளுக்கு இது பொருந்தாது.

இனி, நாளை மட்டும் தள்ளிப்போடும் மருந்துகள். இலக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்து, அரசுத் திட்டத்தில் ‘சாயா’ என்ற பெயரில் வழங்கப்படும் மாத்திரை முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறையும், பின்னர் வாரம் ஒருமுறையும் உண்ணத்தக்கது. இதனால் சிலருக்கு மாதவிடாய் தாமதமாகும்; அது தீங்கன்று. எனினும் தாமதம் 15 நாட்களைக் கடந்தால் கருப் பரிசோதனை செய்வது கட்டாயம். அவசர கருத்தடை மாத்திரையாலும் நாள் ஒரு வாரம் முன்பின்னாகலாம். அது முட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்துவதால், அதே மாதத்தில் அதன் பின் நிகழும் சேர்க்கைக்குப் பாதுகாப்பு இல்லை. இதை அறியாதார் மிகப் பலர். ரிஃபாம்பிசின் உண்பவருக்கு இம்மாத்திரையும் வலுவிழக்கும். ஐந்து நாட்களுக்குள் காப்பர்-டி பொருத்துவதே மேல்.

திருமணம், திருவிழா, தல யாத்திரை ஆகியவற்றின் பொருட்டு மாதவிடாயைத் தள்ளிப்போட நோரெத்திஸ்டரோன் மாத்திரை வாங்குவது நம் நாட்டில் பரவலான வழக்கம். அதை உண்ணும்வரை உதிரம் வராது. நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் வரும். அவ்வாறு சில நாட்கள் மட்டும் உண்பதைக் கருத்தடையாகக் கொள்ளலாகாது. இரத்தம் உறைந்து நாளத்தை அடைக்கும் நோய் முன்னர் வந்தவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடலாகாது. வாந்திக்குத் தரப்படும் டோம்பெரிடோன், சில மனநோய் மருந்துகள் ஆகியவை பால்சுரப்பு இயக்குநீரைப் பெருக்குவதாலும் மாதவிடாய் நின்றுபோகும்.

காசநோய் மருந்து உண்ணும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், கருவைக் காக்க எண்ணி அவள் மருந்தையே நிறுத்திவிடுவதுண்டு. இது பெருந்தீங்கு. குணமாகாத காசநோயே தாய்க்கும் சேய்க்கும் பேரிடர். ரிஃபாம்பிசின் உள்ளிட்ட வழக்கமான முதல்நிலை மாத்திரைகளைக் கருவுற்ற நிலையிலும் தொடரலாம். குழந்தையின் செவியைப் பாதிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியே விலக்கத்தக்கது. ஆதலால் ஊழியர் முதலில் சொல்ல வேண்டியது, “மாத்திரையை நிறுத்தாதீர்கள், அம்மா” என்பதே. சிறுநீர்ப் பரிசோதனை அன்றே செய்யலாம்; ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாக இருக்கும், அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.