கங்காணி முதல் கணனி வரை: நிறுவனங்கள் வேலையை வெளியே ஒப்படைப்பது ஏன்?

ஒரு வங்கியின் கணக்குகளைப் பேணும் மென்பொருளைப் பெரும்பாலும் அவ்வங்கியின் ஊழியர் எழுதுவதில்லை. பிறிதொரு கம்பனியில், பல வேளைகளில் பிறிதொரு நாட்டில், ஊதியம் பெறுவோரே எழுதுகின்றனர். இதனை நவீன தொழினுட்பத்தின் விளைவு என்றே பலர் கருதுகின்றனர். ஆயின், வேலையை வெளியே ஒப்படைத்தல் மூலதனத்தின் பழைய நடைமுறைகளுள் ஒன்றாகும். ஊவாத் தோட்டங்களின் வரலாற்றைத் துணைக்கொண்டு இதனை விளக்க முற்படுகின்றோம்.

1. உள்ளேயா, வெளியேயா?

சந்தையில் எதனையும் விலைக்குப் பெறலாமெனின் நிறுவனம் என ஒன்று எதற்காக? 1937 இல் பொருளியலாளர் றொனால்ட் கோஸ் எழுப்பிய வினா இது. சந்தையைப் பயன்படுத்துவதற்கும் செலவு உண்டு என்பதே அவர் கண்ட விடை. தக்கவரைத் தேடல், பேரம் பேசல், ஒப்பந்தம் எழுதல், அது நிறைவேறுகின்றதா எனக் கண்காணித்தல் ஆகிய யாவும் செலவே. இச்செலவு, உள்ளே நிருவகிக்கும் செலவிலும் மிகுமாயின் வேலை நிறுவனத்தின் உள்ளே நிகழும். குறையுமாயின் வெளியே செல்லும்.

1989 இல் ஈஸ்ட்மன் கொடாக் கம்பனி தனது கணனி நிலையங்களின் நிருவாகத்தை ஐ.பி.எம். நிறுவனத்திடம் ஒப்படைத்தமை இத்துறையில் ஒரு திருப்புமுனையாகக் கொள்ளப்படுகின்றது. இத்தகைய ஒப்படைப்புக்கு நான்கு காரணங்களைக் கூறலாம். முதலாவது, ஊதிய வேறுபாடு. நியூயோர்க்கின் ஊதியத்துக்கும் பங்களூர், கொழும்பு ஊதியத்துக்கும் உள்ள இடைவெளியே இலாபமாகின்றது. இரண்டாவது, தேவையின் ஏற்ற இறக்கம். ஆண்டுகளை ஈரிலக்கத்தில் பதிந்திருந்த பழைய நிரல்களை 2000 பிறக்குமுன் திருத்த வேண்டியிருந்தபோது பெருந்தொகையான நிரலாளர் தேவைப்பட்டனர். திருத்தம் முடிந்தபின் அவ்வேலை இல்லை. இத்தகைய வேலைக்கு நிரந்தர ஊழியரை அமர்த்த எக்கம்பனியும் விரும்பாது. மூன்றாவது, தன்னிடம் இல்லாத திறனைப் பெறுதல். நான்காவது, பொறுப்பைக் கைமாற்றுதல்.

ஒப்படைப்புக்கு எல்லையும் உண்டு. லண்டன் பங்குச் சந்தை தனது வணிக முறைமையை வெளிநிறுவனம் ஒன்றைக் கொண்டு ஆக்குவித்து, 2007 இல் நடைமுறைப்படுத்தியது. ஆயினும் 2009 இல் இலங்கையின் மில்லேனியம் ஐ.ரீ. கம்பனியையே விலைக்கு வாங்கி, மென்பொருளாக்கத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. தொழிலின் உயிர்நாடியைப் பிறர் கையில் விட்டுவைப்பது நெடுங்காலத்துக்கு ஏற்றதன்று.

2. தோட்டத்தில் ஒப்படைப்பு

இந்நான்கு காரணங்களையும் மனத்திற்கொண்டு பசறை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளை மலைகளை நோக்குவோம். தோட்டத்துரைக்குத் தொழிலாளர் தேவைப்பட்டனர். ஆனால் தமிழகத்துக் கிராமங்களை அவர் அறியார், மொழியும் அறியார். எனவே ஆட்திரட்டும் வேலை கங்காணியிடம் ஒப்படைக்கப்பட்டது. தோட்டம் முற்பணம் வழங்கியது. கங்காணி ஆட்களைக் கொணர்ந்தான். வழிச்செலவு தொழிலாளியின் கடனாயிற்று. வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கைக்கேற்பக் கங்காணிக்குக் காசு கிடைத்தது. இதனால் ஆட்திரட்டலின் இடர் கங்காணிக்கும், அவனூடாகத் தொழிலாளிக்கும் சென்றது. கடன்தொகையைக் குறித்த ‘துண்டு’ இன்றித் தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாதிருந்தது. 1921 ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

மேல்மட்டத்திலும் ஒப்படைப்பு நிகழ்ந்தது. தோட்டங்களுக்கு உரிமையான கம்பனிகள் பல லண்டனில் இருந்தன. கொழும்பு ஏஜென்சிக் கம்பனிகள் தரகுக்கு நிருவாகத்தை நடத்தின. செக்ரோலில் பதிந்த பேரும் அரைப்பேரும், கொழுந்தின் நிறையும், அரிசிக் கணக்கும் மாதாந்த அறிக்கைகளாகக் கொழும்புக்குச் சென்றன. தகவலைத் திரட்டித் தொகுக்கும் வேலையை வெளியார் கூலிக்குச் செய்தலே இன்றைய கணனித்துறை ஒப்படைப்பின் சாரமெனின், அது பதுளைக்குப் புதிதன்று.

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அரசு, நிலவுடைமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அவற்றை 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரித்து, முகாமையைத் தனியாரிடம் ஒப்படைத்தது. குறுகிய கால ஒப்பந்தத்தில் வந்தோர்க்கு, பலன்தரப் பல ஆண்டுகள் செல்லும் மீள்நடுகையில் நாட்டம் இருக்கக் காரணமில்லை. பின்னர் பங்குகள் விற்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். கோஸ் குறித்த கண்காணிப்புச் செலவு இங்கும் தன் வேலையைக் காட்டிற்று.

அண்மைக்காலத்தில் தோட்டங்கள் சிலவற்றில் தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொடுத்து, கொழுந்தைக் கம்பனி விலைக்கு வாங்கும் முறை பரவி வருகின்றது. விருப்பமான நேரத்தில் வேலைசெய்யலாம், உழைப்புக்கேற்ப வருமானம் பெறலாம் என்பன இதன் கவர்ச்சிகள். ஆயினும் மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் நட்டம் யாருடையது? தினக்கூலியோடு இணைந்த, 1958 ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவிய ஊழியர் சேமலாப நிதியின் நிலை யாது? தொழிலாளி ‘ஒப்பந்தக்காரர்’ ஆகும்போது, ஊழியருக்கென நாட்டப்பட்ட சட்டங்களின் நிழல் அவர்மீது விழாது போகக்கூடும்.

3. முடிபு

வெளியே ஒப்படைத்தல் தன்னளவில் தீமை எனக் கூறுவது எமது நோக்கமன்று. உள்ளூரில் இல்லாத வேலை அதனால் கொழும்புக்கு வந்தது, பதுளைக்கும் வரலாம். 2005 இல் இங்கு நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் கணனிக் கல்வி நடைபெறுகின்றது. லயன் அறையில் பிறந்த பிள்ளை கடல்கடந்த கம்பனிக்கு நிரல் எழுதுவது பெருமைக்குரிய மாற்றமே.

ஆனால், நிரலாளரின் ஊதிய இடைவெளியும் கொழுந்து பறிப்பவரின் ஊதிய இடைவெளியும் ஒரே தருக்கத்தின் விளைவுகள் என்பதை நாம் மறத்தலாகாது. மாத ஊதியமும் சேமலாப நிதியும் பெறும் நிரலாளருக்கும், வீட்டிலிருந்தே வேலைக்கு வேலை விலைபேசும் ‘சுயாதீன’ நிரலாளருக்கும் உள்ள வேறுபாடு, செக்ரோலில் பேர் உள்ள தொழிலாளிக்கும் செடி பிரித்துப் பெற்ற தொழிலாளிக்கும் உள்ள வேறுபாடே. செலவு குறைகின்றதா என்பது நிறுவனத்தின் வினா. குறைந்த செலவு எங்கே சென்றது, அதனை இப்போது சுமப்பவர் யார் என்பதே ஆய்வாளரும் தொழிற்சங்கங்களும் எழுப்ப வேண்டிய வினாவாகும். கங்காணி காலத்தில் அவ்வினா உரிய வேளையில் எழுப்பப்படவில்லை; அதன் விலையைச் சில தலைமுறைகள் செலுத்தின.