காலடி மட்டும் படும் கரை

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து விடுதிக்குத் திரும்பும் இளைஞர்களுக்குக் கடல் எட்டாத தொலைவில் இல்லை. நேர்கோட்டில் அளந்தால் கோவளம் 40 கிலோமீட்டருக்குள்தான். ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் போகிறவர்கள், வண்டி நிற்கும் இடத்திலேயே இறங்கிக் கூட்டத்தோடு கால் நனைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். இதே வங்கக் கரையில் கடையும் விளக்கும் இல்லாத, நடந்து மட்டுமே போகக்கூடிய மணல்வெளிகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிடத் தேடி வருவது அப்படிப்பட்ட மணலைத்தான்.

ஜனவரி முதல் மார்ச் வரை, இரவில் கரையேறும் பெண் ஆமை, அலை எட்டாத மேட்டில் பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறிக்கிறது. டேபிள் டென்னிஸ் பந்து அளவில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள். மணலைத் தள்ளி மூடியபின், உடலை இடமும் வலமுமாகச் சாய்த்து வயிற்றோட்டால் தட்டி இறுக்குகிறது. பிறகு திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடுகிறது.

அடுத்த 45 முதல் 60 நாட்களுக்கு முட்டைகள் மணலின் பொறுப்பு. பருக்கைகளின் இடுக்கில் ஓடும் காற்றைத்தான் முட்டை ஓட்டின் வழியே கரு சுவாசிக்கிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் மணலின் சூடே தீர்மானிக்கிறது. குளிர்ந்த மணலில் ஆண்கள் அதிகம், சூடான மணலில் பெண்கள் அதிகம். மேலே வண்டி ஏறினால் மணல் இறுகிக் காற்று தடைபடும். சக்கரத் தடத்தில் விழுந்த குஞ்சு ஏற முடியாமல் நண்டுக்கு இரையாகும். இரவில் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஊர்வது குஞ்சின் பிறவிக் குணம். இருண்ட கரையில் அந்த வெளிச்சம் கடல் பக்கம் இருக்கும். தெருவிளக்கு எரிந்தால் குஞ்சு சாலையை நோக்கிப் போகும்.

இந்த ஆமைகளின் உலகை நடந்தே அறிந்தவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி. மாணவராக இருந்தவர், 1970களில் பாம்புப் பண்ணையோடு சேர்ந்து இந்தியக் கடற்கரைகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து கணக்கெடுத்தார். இப்படி நடக்கையில் ஆமையைக் காணாமலே மணலில் பதிந்த தடத்தை வைத்து இனம் சொல்லலாம். பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி வைப்பதால் தடம் முன்பின்னாக விழும். இன்னொரு கடலாமை இனமான பேராமை இரண்டையும் ஒருசேர வீசுவதால் இருபுறமும் இணையாக விழும். 1982 மழைக்காலத்தில் பாஸ்கர், படகே போகாத லட்சத்தீவின் சுஹேலித் தீவில் தனியாகத் தங்கிப் பேராமைகளைக் கவனித்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிப் புட்டியில் அடைத்து அவர் கடலில் விட்ட கடிதம், இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்துச் சென்னை வந்து சேர்ந்தது.

அந்த நடை இன்றும் தொடர்கிறது. 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள், பருவம் முழுக்க நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடக்கிறார்கள். ஆபத்தான இடத்திலுள்ள முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள், உருட்டாமல் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். தாமதமானால் கரு ஓட்டின் மேற்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் புரட்டினால் பிழைக்காது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, அவற்றை எண்ணியதிலும் இப்படி நடப்பவர்களுக்குப் பெரும் பங்குண்டு. நுரையீரலால் மூச்சுவிடும் ஆமை, இழுவலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும்.

வார இறுதி நடைகளில் பொதுமக்களும் சேரலாம். வல்லம் வடகால் விடுதிகளிலிருந்தும் இளைஞர்கள் போக வேண்டும். டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் இல்லாமல் நடக்கப் பழக வேண்டும். சாலை போடாத கரையை மேம்படாத கரையென்று எண்ணும் போக்கை அரசும் நாமும் கைவிட வேண்டும். வண்டிகளை அரை கிலோமீட்டர் தள்ளியே நிறுத்தி, ஜனவரி முதல் மே வரை கரையோர விளக்குகளை அணைத்தாலே போதும். பங்குனி ஆமைக்கு வேண்டிய மணல் மிஞ்சும், நடக்கத் தயாராயிருப்பவருக்கும் ஒரு கரை மிஞ்சும்.