ஜீரோ பள்ளத்தாக்கு: ஒரே வயலில் நெல்லும் மீனும்

அருணாசலப் பிரதேசத்தின் கீழ் சுபன்சிரி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது ஜீரோ பள்ளத்தாக்கு. வரவு செலவு பார்த்துப் பழகிய கண்களுக்கு இப்பெயர் சற்றே கலக்கம் தரலாம். ஆனால் இங்கு வாழும் அபதானி மக்களைப் போல நிலத்தைக் கணக்காகக் கையாள்பவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பைன் மரக் குன்றுகளுக்கு நடுவே பரந்த சமவெளி முழுவதும் நெல். மூங்கில் வீடுகளோ மேட்டு விளிம்புகளில், கூரையோடு கூரை உரச நெருங்கி நிற்கின்றன. நெல் விளையும் மண்ணை வீட்டுக்காகச் செலவிடுவதில்லை என்பது முன்னோர் வகுத்த வழக்கம். உழுவதற்கு ஏரும் மாடும் இல்லை. எல்லாம் கைக்கருவிகளாலேயே நடக்கிறது. வயலின் நடுவே சிறு பள்ளம் வெட்டி, தேங்கிய நீரில் கெண்டைக் குஞ்சுகளை விடுகின்றனர். நீரை வடிக்கும்போது மீன்கள் அப்பள்ளத்தில் ஒதுங்கிக்கொள்ளும். மீனின் கழிவு பயிருக்கு உரமாகிறது. வரப்பும் வீணாவதில்லை, அதில் கேழ்வரகு நிற்கிறது.

1944ஆம் ஆண்டில் இங்கு வந்த மானிடவியலாளர் ஃபியூரர்-ஹைமென்டார்ஃப் இவ்வேளாண்மையைக் கண்டு வியந்து எழுதினார். அக்காலத்தில் வயலின் விலை மிதுன் எனும் மலைமாடுகளின் எண்ணிக்கையில் பேசப்பட்டது. 2014இல் இந்நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது.

இன்று ஹபோலி நகரை ஒட்டிய வயல்களில் கான்கிரீட் தூண்கள் எழுகின்றன. நாங்கள் தங்கிய இல்லத்தின் உரிமையாளர், தம் வயலை விற்கும் எண்ணமில்லை என்றார். வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் திரும்பி வந்து சேற்றில் இறங்குவார்களா என்று கேட்டபோது, சிரித்துவிட்டுத் தேநீர் ஊற்றினார்.

மூதாட்டியர் சிலரின் முகத்தில் பச்சைக் கோடுகளையும் மூக்கின் இருபுறமும் கரிய அடைப்புகளையும் காணலாம். 1970களின் தொடக்கத்தில் கைவிடப்பட்ட வழக்கம் இது. இக்கோலத்தைத் தாங்கிய கடைசித் தலைமுறை அவர்களே. அனுமதி கேளாமல் அவர்களைப் படமெடுப்பது முறையன்று. எங்களிடம் ஒரு மூதாட்டி மறுத்துத் தலையசைத்தார். படமெடுக்காமலேயே சற்று நேரம் அமர்ந்து, அவர் மூங்கில் பிளப்பதைப் பார்த்திருந்தோம்.

வெளிமாநிலத்தவருக்கு இன்னர் லைன் பெர்மிட் கட்டாயம், இணையத்திலேயே பெறலாம். நாகர்லகுன் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து பலர் சேர்ந்து பயணிக்கும் சுமோ வண்டியில் மலையேறலாம். ட்ரீ திருவிழா ஜூலை 5இல் நடைபெறுகிறது. பொன்னிற வயல்களைக் காண விரும்புவோர் செப்டம்பர் இறுதியில் செல்லலாம். கையில் சில்லறை நோட்டுகள் இருக்கட்டும். மலைப்பாதையில் கைப்பேசித் தொடர்பு எங்கும் சீராகக் கிடைப்பதில்லை.