தரங்கம்பாடி மதிலுக்குப் பணம் வந்த வழி
(கடலும் கொள்ளையும் – பகுதி 6)

1655-ஆம் ஆண்டு. தரங்கம்பாடிக் கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டையின் மேல் டென்மார்க் அரசரின் கொடி பறந்துகொண்டிருந்தது. கோட்டைக்குள் டென்மார்க்காரர் என்று எஞ்சியிருந்தவர் ஒரே ஒருவர். பெயர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கெ. பிரபு குடும்பத்தில் பிறந்தவர் அல்ல, சாதாரண ஆள். மேலே இருந்தவர்கள் செத்தும் ஊரைவிட்டுப் போயும் தீர்ந்த பிறகு பொறுப்பு அவர் தலையில் வந்து விழுந்தது. கஜானாவில் பணம் இல்லை. கோபன்ஹேகனிலிருந்து கப்பல் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தஞ்சை நாயக்கருக்குக் கட்டவேண்டிய குத்தகையும் பாக்கி.

அடுத்த 14 ஆண்டுகள் அவர் அந்தக் கொடியை இறக்கவில்லை. பாக்கி கேட்டு நாயக்கர் படை வந்து முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்தார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கடைசியில் நாயக்கரோடு பேசி உடன்பாட்டுக்கும் வந்தார். இத்தனைக்கும் செலவான பணம், வங்காள விரிகுடாவில் போய்க்கொண்டிருந்த அடுத்தவர் கப்பல்களைப் பிடித்து விற்றதில் வந்தது.

தரங்கம்பாடி என்றதும் நமக்குப் பாதிரியார் சீகன்பால்கு நினைவுக்கு வருகிறார். அவர் இங்கே கரையிறங்கியது 1706-ல். தமிழ் அச்சுக்கூடமும் 1714-ல் வெளிவந்த தமிழ் நற்செய்தி நூலும் அந்த ஊரின் பெருமைகள். அந்தப் பெருமைக்கு ஐம்பது ஆண்டுகள் முந்தைய இந்தக் கதையை நாம் அதிகம் பேசியதில்லை. பேசத்தான் வேண்டும். ஐரோப்பியர் நம் கடலில் செய்த ‘சட்டப்படியான’ கொள்ளையை இவ்வளவு அருகில் வைத்துப் பார்க்க, சோழமண்டலக் கரையில் இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

டென்மார்க்காரர்கள் முதலில் குறிவைத்தது தரங்கம்பாடியை அல்ல, இலங்கையை. கண்டி அரசர் செனரத் போர்த்துக்கீசியரை விரட்ட உதவி தேடினார். அவர் சார்பில் போஷோவர் என்ற டச்சுக்காரர் கோபன்ஹேகன் வரை போய் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானைச் சந்தித்தார். 1618-ல் ஓவெ யெத்தெ தலைமையில் கப்பல்கள் கிளம்பின. யெத்தெக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. வழியிலேயே போஷோவர் இறந்தார். மாலுமிகளில் பாதிக்கு மேல் மாண்டார்கள். 1620-ல் இலங்கையை அடைந்தபோது கண்டி அரசர் பேச்சுவார்த்தையில் பிடி கொடுக்கவில்லை.

இதற்குள் முன்கூட்டியே அனுப்பப்பட்ட ‘ஓரெசுந்த்’ என்ற கப்பல் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியரிடம் சிக்கி மூழ்கியிருந்தது. பிடிபட்ட மாலுமிகளில் இருவரின் தலைகளைக் கடற்கரையில் கம்பத்தில் செருகி எச்சரிக்கையாக வைத்தார்கள். தப்பிக் கரையேறிய கப்பல் தலைவர் ரோலாந்த் கிராப்பெயும் 13 பேரும் தஞ்சை அரண்மனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ரகுநாத நாயக்கர் அவர்களைத் தண்டிக்கவில்லை, பேசினார். போர்த்துக்கீசியருக்குப் போட்டியாக இன்னொரு வணிகக் கூட்டம் தன் கரையில் இருந்தால் நல்லது என்பது அவர் கணக்கு. 1620 நவம்பரில் தரங்கம்பாடிக்கான ஒப்பந்தம் ஆனது. ஆண்டுக் குத்தகை 3,111 ரூபாய். டென்மார்க் அரசருக்கு நாயக்கர் தங்க ஓலையில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் கோபன்ஹேகனில் இன்றும் இருக்கிறது.

வியாபாரம் ஓங்கவில்லை. 1622-க்கும் 1637-க்கும் இடையில் டென்மார்க்கிலிருந்து 18 கப்பல்கள் கிளம்பின, திரும்பியவை 7. ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர், பிறகு ஸ்வீடனோடு சண்டை என்று அரசரின் பணமெல்லாம் அங்கே கரைந்தது. 1639-க்குப் பிறகு 29 ஆண்டுகள் அங்கிருந்து இந்தியாவுக்கு ஒரு கப்பல்கூடப் புறப்படவில்லை. 1650-ல் டென்மார்க்கின் கிழக்கிந்தியக் கம்பெனியே கலைக்கப்பட்டது. 1651-ல் தரங்கம்பாடியை பிராண்டன்பர்க் அதிபருக்கு 1,20,000 தாலர் விலைக்கு விற்கப் பேசி முடித்தார்கள். அவரால் பணம் கட்ட முடியாமல் அந்த விற்பனை நின்றது.

கம்பெனி கலைவதற்கு முன்பே, அங்கிருந்து கப்பல் புறப்படுவது நின்றுபோன நிலையில் 1642 வந்தது. கோட்டைத் தலைவர் பெர்ன்ட் பெஸ்ஸார்ட், முகலாயப் பேரரசின் மீது போர் அறிவித்தார். ஒரு பக்கம் ஷாஜகானின் பேரரசு. மறு பக்கம் குத்தகை கட்டவே வழியில்லாத ஒரு கடலோரக் கோட்டை. இதை வெறும் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பெஸ்ஸார்ட் தன் பலவீனத்தையும் அறிந்திருந்தார், முகலாயரின் பலவீனத்தையும் அறிந்திருந்தார். முகலாயர்களிடம் நதிகளில் சண்டையிடும் படகுப் படை இருந்தது. ஆழ்கடலில் தங்கள் வணிகக் கப்பல்களுக்குத் துணைபோகும் போர்க்கப்பல்கள் இல்லை. வங்காளத்திலிருந்து அரிசி, சர்க்கரை, துணி ஏற்றிக்கொண்டு இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் அச்சேவுக்கும் போய், யானையும் சோழியும் கொண்டுவந்த கப்பல்கள் காவலின்றிப் போய்க்கொண்டிருந்தன.

போருக்குச் சொன்ன காரணம், வங்காளத்தில் தங்கள் கப்பல்களுக்கும் சரக்குக்கும் ஏற்பட்ட நட்டத்துக்கு முகலாய அதிகாரிகள் ஈடு தரவில்லை என்பது. ஐரோப்பியச் சட்டத்தில் இதற்கு இடம் இருந்தது. அந்நிய நாட்டான் ஒருவனால் உனக்கு நட்டம் வந்து, அந்நாட்டு அரசன் நியாயம் வழங்கவில்லை என்றால், உன் அரசனிடம் ஒரு உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு அந்நாட்டுக் குடிமக்கள் எவருடைய சரக்கையும் பறித்து ஈடுசெய்துகொள்ளலாம். சங்கரன்கோவில் சந்தையில் கடன் வாங்கியவன் திருப்பித் தரவில்லை என்பதற்காக, அவனும் இவரும் ஒரே சீமைதானே என்று ராயகிரியிலிருந்து வந்த வேறொருவரின் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவது போன்றது இது. ஐரோப்பாவில் இந்தச் சீட்டு பல நூற்றாண்டுகளாகப் பழகிப்போன வழக்கம். போர்க்காலத்தில் அது இன்னும் விரிந்தது. தனியார் தன் செலவில் கப்பலுக்குப் பீரங்கி பூட்டிக்கொண்டு எதிரிநாட்டு வணிகக் கப்பலைப் பிடிக்கலாம். பிடித்ததைக் கடற்படை நீதிமன்றத்தில் நிறுத்தி, ‘செல்லும்’ என்று தீர்ப்பு வாங்கி, அரசுக்கு ஒரு பங்கு, முதலாளிக்கு ஒரு பங்கு, மாலுமிகளுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளலாம். சீட்டு இருந்தால் அரசனின் ஊழியன், இல்லையென்றால் தூக்கு.

போர் அறிவித்த சில மாதங்களிலேயே முகலாயக் கப்பல் ஒன்று சிக்கியது. அதைத் தங்கள் கப்பலாகவே சேர்த்துக்கொண்டு, ‘வங்காளப் பரிசு’ என்று பெயரும் சூட்டினார்கள். சரக்கு தரங்கம்பாடியில் நல்ல லாபத்துக்கு விலைபோனது. இந்த இடத்தை நாம் தாண்டிப் போய்விடக் கூடாது. பறித்த சரக்கு நம் கரையில்தான் விற்றது. கொள்ளையடித்தவர்கள் அந்நியர்; அதை வாங்கிய சந்தை நம்முடையது.

1643-ல் வில்லெம் லேயெல் என்ற புதிய தலைவர் வந்தார். பெஸ்ஸார்ட் கோட்டைக் கதவைத் திறக்க மறுத்தார். அடுத்த ஆண்டுதான் கோட்டை லேயெல் கைக்கு வந்தது. கூடவே கடனும் வந்தது. வங்காளத்துக்கு எதிரான போரை லேயெல் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சம்பளம் கொடுக்க வேறு வழி ஏது? 1648-ல் அவருடைய ஆட்களே கலகம் செய்து அவரை இறக்கினார்கள். அடுத்து வந்த பவுல் ஹான்சன் கோர்சோரும் 1655-ல் இறந்தார். அப்புறம்தான் கோங்ஸ்பாக்கெ.

கடலில் இப்படிச் சீட்டை வைத்து ஆண்டதில் டென்மார்க்காரர்கள் முன்னோடிகள் அல்ல. அந்த வழியை இங்கே போட்டவர்கள் போர்த்துக்கீசியர். 1502 முதலே அவர்கள் இந்தியக் கப்பல்களுக்கு ‘கர்த்தாசு’ என்ற கடவுச்சீட்டு கொடுக்கத் தொடங்கினார்கள். கப்பலின் பெயர், தலைவர், அளவு, போகும் துறைமுகம், ஏற்றக்கூடாத சரக்கு எல்லாம் அதில் இருக்கும். போர்த்துக்கீசியக் கோட்டையில் சுங்கம் கட்டியாக வேண்டும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடிக்கலாம், எரிக்கலாம். அக்பரின் கப்பல்களே ஹஜ் பயணத்துக்கு இந்தச் சீட்டை வாங்கிக்கொண்டுதான் போயின. நிலத்தில் அவ்வளவு பெரிய பேரரசர், தன் கரையிலிருந்து புறப்படும் கப்பலுக்கு அந்நியரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

நம் தென்கோடிக் கரையில் அதை எதிர்த்தவர்கள் மரைக்காயர்கள். 1538 தொடக்கத்தில் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் மார்ட்டிம் அபோன்சோ டி சோசா அவர்களுடைய படகுப் படையைத் தோற்கடித்தார். போர்த்துக்கீசிய எழுத்தில் மரைக்காயர்கள் கொள்ளையர்கள். அவர்களில் நான்காம் குஞ்ஞாலி மரைக்காயரை 1600-ல் கோவாவில் வைத்துக் கொன்றார்கள். சோசாவோ பின்னாளில் கோவாவின் ஆளுநரானார். இரு தரப்பும் எதிரியின் கப்பலைப் பிடித்தவர்கள்தாம். யாரைக் கொள்ளையன் என்று எழுதுவது என்பதைச் சீட்டு அச்சடிக்கும் இடத்தில் இருந்தவர்கள் முடிவுசெய்தார்கள்.

1658-ல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். கொடி மாறியது, சீட்டு மாறவில்லை. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் இலங்கைக்குத் துணியும் அரிசியும் கொண்டுபோய்ப் பாக்கு ஏற்றிவந்த தோணிகள் இப்போது டச்சுச் சீட்டுக்குக் காத்து நின்றன. திருநெல்வேலிச் சீமையின் உள்ளூர்த் தறிகளில் நெய்த துணிக்குத் தூத்துக்குடிதான் கடல்வாசல். மலையடிவாரத்தில் இருந்துகொண்டு கடலையே பார்க்காத நெசவாளிக்குக்கூட, தன் துணி எந்தக் கப்பலில், எந்த ஊருக்கு, என்ன விலைக்குப் போகும் என்பதில் அந்தச் சீட்டு குறுக்கே நின்றது.

டச்சுக்காரர்கள் இதற்குத் தத்துவமும் எழுதிவைத்திருந்தார்கள். 1603 பிப்ரவரியில் யாக்கோப் வான் ஹேம்ஸ்கெர்க், சிங்கப்பூர் அருகே ‘சாந்தா கத்தரினா’ என்ற போர்த்துக்கீசியக் கப்பலைப் பிடித்தார். சீனப் பட்டும் பீங்கானும் நிறைந்த அந்தச் சரக்கு ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் 30 லட்சம் கில்டருக்கு மேல் போனது. டச்சுக் கம்பெனியின் பங்குதாரர்களில் சிலருக்கே மனம் உறுத்தியது: இது கொள்ளைப் பணம் இல்லையா? அதற்குப் பதில் எழுதித் தரும் பொறுப்பு ஹியூகோ குரோஷியஸ் என்ற இளம் வழக்கறிஞரிடம் வந்தது. பிடித்தது நியாயமே என்று அவர் ஒரு முழு நூல் எழுதினார். அதிலிருந்து ஓர் அத்தியாயத்தை மட்டும் பிரித்து 1609-ல் ‘சுதந்திரக் கடல்’ என்று வெளியிட்டார்கள். கடல் யாருக்கும் சொந்தமல்ல என்ற அந்த வாதத்தைச் சர்வதேசச் சட்ட வகுப்புகளில் இன்றும் படிக்கிறார்கள். கப்பல் பிடித்ததை நியாயப்படுத்திய மூல நூல் 1868-ல்தான் அச்சேறியது. கடல் எல்லோருக்கும் பொது என்று எழுதியவர்களின் கம்பெனிதான் தூத்துக்குடியில் நம் தோணிகளுக்குச் சீட்டு கேட்டது.

கோங்ஸ்பாக்கெக்கு இப்படி வாதாடித் தர ஆள் இல்லை. கேட்பாரும் இல்லை. கலைந்துபோன ஒரு கம்பெனியின் பெயரால், பதில் போடாத ஓர் அரசரின் கொடியின் கீழ் அவர் கப்பல் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய உறுதியை மறுக்க முடியாது. ஊர் மதிலுக்குள் தமிழ்க் குடிகளும் இருந்தார்கள்; முற்றுகைக் காலத்தில் அந்த மதில் அவர்களையும் காத்தது. ஆனால் அந்த மதிலின் ஒவ்வொரு வரிசைக் கல்லுக்கும் பின்னால் சரக்கை இழந்த ஒரு வங்காள வணிகர் இருக்கிறார். அதிகாரி செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு அவரும் அவருடைய நகுதாவும் (கப்பல் தலைவரும்) மாலுமிகளும் விலை கொடுத்தார்கள். கடலில் பறிகொடுத்த இந்தியக் கப்பல்காரர்கள் ஐரோப்பியக் கணக்கேடுகளில் பெரும்பாலும் சரக்குப் பட்டியலாகவே மிஞ்சியிருக்கிறார்கள். இந்தப் போரைப் பற்றி எழுதும்போது டென்மார்க்காரரின் வீரத்தை மட்டும் எழுதுவது அநியாயம்.

கோபன்ஹேகனுக்குத் தன் நிலையைச் சொல்லி கோங்ஸ்பாக்கெ விடாமல் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார். 1669-ல் சீவர்ட் ஆடலர் தலைமையில் ‘ஃபேரோ’ என்ற கப்பல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது. கொடி இன்னும் பறப்பதை அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். கோங்ஸ்பாக்கெயை முறைப்படி ஆளுநராக நியமித்தார்கள். மறு ஆண்டே புதிய கம்பெனி தொடங்கப்பட்டது. கொள்ளைப் பணத்தில் உயிர்பிழைத்த அந்த ஊர் பிறகு 1845 வரை டென்மார்க் வசம் இருந்தது. அந்த ஆண்டில் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்கப்பட்டது. இன்று கோட்டைக்குள் தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. இப்போது நாம் பார்க்கும் நகர வாயில் 1792-ல் கட்டியது.

முகலாயரோடு போட்ட சண்டை ஃபேரோ வந்த பிறகும் முடியவில்லை. ஒரு தலைமுறை போய், ஷாஜகான் போய், ஔரங்கசீப்பின் கடைசிக் காலம் வந்தது. 1698-ல்தான் முழுச் சமாதானம் ஏற்பட்டது. அறிவித்த நாளிலிருந்து 56 ஆண்டுகள்.

அதே 1698-ன் ஜனவரி 30 அன்று, வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலைக் கொச்சிக் கடலில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் மறித்தார். கப்பலின் பெயர் ‘கெடா மெர்ச்சன்ட்’. ஆர்மீனிய வணிகர்கள் வாடகைக்கு எடுத்தது. பட்டு, மஸ்லின், சர்க்கரை, வெடியுப்பு, அபின் எல்லாம் உள்ளே. மறித்தவர் தன் கப்பலில் வேண்டுமென்றே பிரெஞ்சுக் கொடியை ஏற்றியிருந்தார். எதிர்க் கப்பல்காரர் நம்பி, தன்னிடம் இருந்த பிரெஞ்சுச் சீட்டை நீட்டினார். மறித்தவரின் சட்டைப்பையிலோ இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் கொடுத்த உரிமம் இருந்தது. பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்பது அதன் வாசகம். மூன்றே ஆண்டுகளில் லண்டன் அவரைக் கடற்கொள்ளையன் என்று சொல்லி தேம்ஸ் கரையில் தூக்கிலிட்டது. வில்லியம் கிட் என்ற அந்தக் கேப்டனின் வழக்கில், அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்த பிரெஞ்சுச் சீட்டு நீதிமன்றத்துக்கு வரவேயில்லை. அது எங்கே போனது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)