நுரையீரல் அப்லேஷன் சிகிச்சை: வீடு திரும்பிய பின் கவனிக்க வேண்டியவை

பெருங்குடல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளில் தோன்றிய புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி, கட்டிகள் சிறியனவாகவும் சிலவாகவும் இருப்பின், அப்லேஷன் சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதுண்டு. சி.டி. ஸ்கேன் உதவியுடன் மார்பின் வழியே ஊசி செலுத்தப்பட்டு, கட்டி வெப்பத்தாலோ உறைகுளிராலோ அழிக்கப்படுகிறது. பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புவர். எனினும், சில பின்விளைவுகள் அதன் பிறகும் தோன்றக்கூடும்.

காற்றுக் கசிவு

இதுவே மிகுதியாகக் காணப்படும் சிக்கல். ஊசி சென்ற வழியே காற்று கசிந்து, நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே தேங்குகிறது. சிறிய கசிவு தானாகவே சரியாகிவிடும். பெரியதாயின் குழாய் பொருத்திக் காற்றை வெளியேற்றுவர். சிலருக்கு இது பல நாள் கழித்தும் ஏற்படலாம்.

விமானப் பயணம்

சென்னையிலோ ஜித்தாவிலோ சிகிச்சை பெற்று யான்பு திரும்புவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறத்தாழ உதகமண்டலத்தின் உயரத்தில் உள்ள அளவுக்குக் குறையலாம். அப்போது மார்பில் தேங்கிய காற்று விரிந்து நுரையீரலை அழுத்தும். எனவே, எக்ஸ்ரே எடுத்து, மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே பயணச்சீட்டை உறுதி செய்க. கசிவு ஏற்பட்டிருந்தால், அது முற்றிலும் நீங்கியதாக எக்ஸ்ரே காட்டிய பின்னரும் குறைந்தது 7 நாள் காத்திருக்குமாறு பிரித்தானிய மார்பு மருத்துவச் சங்கம் அறிவுறுத்துகிறது. செங்கடலில் ஆழ்நீச்சலில் ஈடுபடுவோரும் மருத்துவரின் அனுமதியின்றி நீரில் இறங்கலாகாது.

அஞ்ச வேண்டாதவை

முதற் சில நாட்களில் லேசான காய்ச்சல், உடல்வலி, சளியில் சிறிது இரத்தக் கறை ஆகியவை காணப்படலாம். முதல் ஸ்கேனில் சிகிச்சை பெற்ற இடம் முன்னிருந்த கட்டியைவிடப் பெரிதாகத் தெரிவதும் இயல்பே. அதனை நோயின் வளர்ச்சி எனக் கொள்ள வேண்டாம்.

உடனே உதவி நாட வேண்டியவை

திடீர் மூச்சுத்திணறல், கூரிய மார்புவலி, இருமலில் மிகுதியான இரத்தம், பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் செம்பிறைச் சங்கத்தின் ஆம்புலன்ஸை 997 என்ற எண்ணில் அழைக்கவும். ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலும் நாற்றமுள்ள சளியும் நோய்த்தொற்றின் அறிகுறிகளாக இருக்கலாம். தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுக. சுகாதார அமைச்சின் ஆலோசனை எண் 937.

அவசர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் தங்கள் முந்தைய சிகிச்சையை அறிந்திருக்கமாட்டார். ஆகவே, சிகிச்சை நடந்த நாளையும் எந்தப் பக்க நுரையீரல் என்பதையும் முதலிலேயே தெரிவிக்கவும். ஆங்கிலத்திலான சிகிச்சைச் சுருக்கத்தைக் கைவசம் வைத்திருப்பதுடன், வீட்டில் அல்லது அறையில் உடன் தங்கியிருப்போரிடமும் அதன் நகலைக் கொடுத்துவைத்தல் நன்று.