கடைக் கொம்பியூட்டரும் திறந்த மூல மென்பொருளும்

விண்டோஸ் 10இற்கு வழங்கி வந்த வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திக் கொண்டது. நமது கடைகளில் பல மேசைகளில் இருப்பதோ இன்னமும் அதுதான். விண்டோஸ் 11இற்கு மாறலாம் என்றால், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கொம்பியூட்டர்களை அது முறைப்படி ஏற்பதில்லை. மேலதிகப் பாதுகாப்பைப் பணம் கொடுத்து வாங்கலாம் என்றால், வியாபார நிறுவனங்களுக்கு முதல் வருடத்துக்கு ஒரு கொம்பியூட்டருக்கு 61 டொலர். அடுத்தடுத்த வருடங்களில் அது இரட்டிப்பாகும். "நல்லா ஓடுற மெஷினை வீசச் சொல்றாங்களே நானா, வேற வழி இல்லையா?" என்று என்னிடம் கேட்போர் பலர்.

வழி இருக்கிறது. லினக்ஸ், லிப்ரே ஒபிஸ், பயர்பொக்ஸ் போன்றவை திறந்த மூல மென்பொருள்கள். அவற்றின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். எத்தனை கொம்பியூட்டரிலும் போடலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், தெரிந்தவர் திருத்தவும் செய்யலாம். இலவசமாகக் கிடைப்பது தரம் குறைந்ததாக இருக்கும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் உண்டு. 2004 சுனாமிக்குப் பின்னர் நிவாரணப் பணிகளை ஒழுங்குபடுத்துவதற்காக இலங்கையர் உருவாக்கிய 'சஹானா' என்ற மென்பொருளும் திறந்த மூல மென்பொருளே. பின்னர் அது வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது.

"நான் எதற்கும் பணம் கொடுக்கவில்லையே, எல்லாம் கொப்பிதானே" என்போருக்கும் ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, உரிமமில்லாத மென்பொருளைத் தெரிந்து கொண்டே வியாபார இலாபத்துக்குப் பாவிப்பது குற்றமாகும். கலிபோர்னியாவில் கிட்டார் தந்தி செய்யும் 'எர்னி போல்' என்ற கம்பனிக்கு 2000ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். சோதனையிட வந்தவர்கள் சில கொம்பியூட்டர்களில் உரிமமில்லாத மென்பொருள் இருப்பதைக் கண்டு பிடித்தார்கள். பழைய கொம்பியூட்டர்களை வேறு பகுதிகளுக்குக் கை மாற்றியபோது அவற்றில் இருந்தவற்றை அழிக்காமல் விட்டதே காரணம் என்று முதலாளி சொன்னார். நமது கடைகளிலும் முதலாளியின் பழைய மெஷின் காசாளருக்கும், காசாளருடையது ஸ்டோருக்கும் போவது வழக்கம்தானே! வழக்கைத் தீர்க்க 65,000 டொலரும், சட்டச் செலவுக்கு 35,000 டொலரும் போயின. கோபம் கொண்ட அவர் கம்பனி முழுவதையும் திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றி விட்டார். வியாபாரம் நின்று போகவில்லை.

எனினும் உரிமச் செலவை விடப் பெரிய விடயம் நமது தரவு யாருடைய கையில் இருக்கிறது என்பதே என நான் கருதுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி ஏழு வருடக் கடன் கணக்கை ஒரு பில்லிங் மென்பொருளில் வைத்திருந்தார். அதைச் செய்து கொடுத்தவர் வருடாந்தக் கட்டணத்தைக் கூட்டினார், இவர் மறுத்தார். தரவுத்தளத்தின் கடவுச்சொல் செய்தவரிடம் மட்டுமே இருந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதைப் பழைய பில் கட்டுகளிலிருந்து திரும்பவும் எழுதி எடுக்க அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஆகவே எந்த மென்பொருளை வாங்கினாலும், கணக்குகளை எக்ஸெல் போன்ற பொதுவான கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். செய்து காட்டச் சொல்லுங்கள்.

மாறுவதென்றால் ஒரே இரவில் மாறாதீர்கள். முதலில் விண்டோஸை அப்படியே வைத்துக் கொண்டு அதில் லிப்ரே ஒபிஸைப் போடுங்கள். ஊழியர்கள் இரண்டு மூன்று மாதம் பழகட்டும். கடிதம், விலைப்பட்டியல், சாதாரணக் கணக்குத் தாள்கள் சிரமமில்லாமல் திறக்கும். மெக்ரோ எழுதிய எக்ஸெல் கோப்புகள் சில குழம்பும். அவற்றைத் தனியே குறித்து வையுங்கள். அடுத்ததாக லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, கொம்பியூட்டரில் நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். பிரின்டர், வைபை, ஸ்கேனர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்பது ஒரு மணித்தியாலத்தில் தெரிந்து விடும். பார்கோட் வாசிப்பான் பெரும்பாலும் கீபோர்ட் போலவே இயங்குவதால் அதனால் தொல்லை வருவது குறைவு. கைரேகை வருகைப் பதிவு மெஷின்களில்தான் கவனம் தேவை. அவற்றோடு வரும் மென்பொருள் பலவும் விண்டோஸுக்கு மட்டுமே.

டெலி போன்ற கணக்கு மென்பொருளில் ஊறிப் போனவர்கள் அதை விட வேண்டியதில்லை. அதற்கென உரிமமுள்ள ஒரு விண்டோஸ் கொம்பியூட்டரை வைத்துக் கொண்டு மற்றவற்றை மாற்றலாம். புதிதாகத் தொடங்குவோர் குனூகேஷ், ஈஆர்பிநெக்ஸ்ட் ஆகியவற்றைப் பார்க்கலாம். பின்னையதற்கு விடயம் தெரிந்த ஒருவரின் உதவி வேண்டும், அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும். மென்பொருள் இலவசம் என்பதற்காக வேலையும் இலவசமாகாது. ஜேர்மனியின் மியூனிக் நகர சபை பத்து வருடம் எடுத்து 2013இல் லினக்ஸுக்கு மாறி முடித்தது. 2017இல் திரும்பவும் விண்டோஸுக்கே போவதெனத் தீர்மானித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலமோ 2024இல் ஏறத்தாழ 30,000 கொம்பியூட்டர்களை லிப்ரே ஒபிஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. இரண்டு பக்கமும் உதாரணம் இருக்கிறது.

நமக்கென்றே உள்ள ஒரு சிக்கலும் உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தமிழ்க் கோப்புகள், அந்த எழுத்துருவை லினக்ஸில் போடாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எழுத்துருக் கோப்பைக் கொப்பி செய்து போட்டால் போதும். ஆனால் வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியலையாவது இப்போதே யுனிகோடுக்கு மாற்றி விடுங்கள். பாமினியில் உள்ள பெயரை யுனிகோட் தமிழில் அடித்துத் தேடி எடுக்க முடியாது.